ஓதம் ஏறிய சுவர், ஒற்றை வரி நிபந்தனை: புதுச்சேரி தமிழர் பகுதியில் ஒரு வாடகை வீடு

இதில் வரும் வீட்டுக்காரர், வாடகைதாரர் என்ற இரண்டு குடும்பங்களும் எழுதச் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் பொறியாளனாக 2024 ஏப்ரலில்தான் நான் இதற்குள் வந்தேன். அதற்கு முன் நடந்தவற்றை இரு தரப்பும் சொன்னதிலிருந்தும், ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகளிலிருந்தும் தொகுத்திருக்கிறேன்.

பின்னணி

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலை ஒட்டியது பிரெஞ்சுக்காரர் பகுதி, மேற்கே இருப்பது தமிழர் பகுதி. 1761-ல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பழைய தெருக்கோடுகளின் மேலேயே ஊர் திரும்ப எழுந்தது. தமிழர் பகுதி வீடுகளுக்கு ஒரு முகம் உண்டு. கீழே திண்ணை, மரத்தூண், தாழ்வாரம், முற்றம். மாடி கட்டியிருந்தால் அதில் பிரெஞ்சுப் பாணி வளைவு ஜன்னல்கள். வைசியாள் தெருவில் இப்படிப்பட்ட வீடுகளின் முகப்புகளை, மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு சீரமைத்தது. அந்தப் பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று கிடைத்தது.

தெருவில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது முகப்பு மட்டும்தான். உள்ளே இருக்கும் சுவரையும் கூரையையும் காப்பாற்றும் பொறுப்பு வீட்டுக்காரர் மேல் விழுகிறது. அவர் வெளியூரில் இருந்தால் குடியிருப்பவர் தலையில் விழுகிறது. இந்த வீட்டில் நடந்தது அதுதான்.

வீடு நூறு வருஷத்துக்கு மேல் பழையது. செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் சேர்ந்த கனமான சுவர், தேக்கு உத்திரங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போட்ட தட்டையான மெட்ராஸ் டெரஸ் கூரை, நடுவில் முற்றம். சொத்து மூன்று பேருடையது. பாகப்பிரிவினை இன்னும் ஆகவில்லை. இரண்டு அண்ணன்கள் பிரான்சில் குடியேறி நாற்பது வருஷம் ஆகிறது. தங்கை புதுச்சேரியிலேயே வேறு பகுதியில் இருக்கிறார். வாடகை வாங்குவது, சாவி கொடுப்பது, குழாய் ரிப்பேர் எல்லாம் அவர் பொறுப்பு. குடிவந்தவர்கள் அவரை அக்கா என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் தம்பி என்றுதான் பேசுவார். பின்னால் நடந்த தகராறிலும் அந்த அழைப்பு மாறவில்லை. விஷயம் முறியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குடிவந்தது ஓர் ஆசிரியர், அவர் மனைவி, அம்மா, பள்ளி போகும் மகள். மகளுக்கு வீசிங் உண்டு.

வாடகை பேசிய விதம்

2023 ஜூன், பள்ளி திறக்கும் நேரம். சனி, ஞாயிறு வரும் சென்னை, பெங்களூருக் கூட்டத்தை நம்பி பழைய வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதியாகிக்கொண்டிருக்க, குடும்பத்துக்கென்று வாடகைக்கு வரும் வீடு குறைவு. அதனால் பார்த்த அன்றே பேசி முடித்தார்கள். மாதம் 17,000 ரூபாய் வாடகை, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ், பதினோரு மாத ஒப்பந்தம். சுவரெல்லாம் புட்டி வைத்து எமல்ஷன் அடித்துப் பளிச்சென்று இருந்தது.

ஒப்பந்தத்தில் பராமரிப்பைப் பற்றி ஒரே ஒரு வரி: “சிறு பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு.” எது சிறுசு, எது பெருசு என்று இல்லை. பெருசு யார் பொறுப்பு என்றும் இல்லை. டைப்பிங் சென்டரில் ஏற்கெனவே இருக்கும் மாதிரியில் பெயரையும் தொகையையும் மாற்றி எடுத்துக்கொண்டு வரும் பல ஒப்பந்தங்களிலும் இந்த வரி இருக்கிறது. ஃபிளாட்டுக்கு அது ஓரளவு போதும். சுண்ணாம்புச் சுவருக்குப் போதாது.

முதல் மழையும் சிமெண்ட் பூச்சும்

அந்த வருஷம் ஐப்பசி மழையில், முற்றத்தை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கையால் தொட்டால் உதிர்ந்தது, உள்ளே வெள்ளைப் பொடி. இரண்டு வாரத்தில் அறை முழுக்கப் பூஞ்சை வாடை. மகளுக்கு இரவில் இழுப்பு வந்தது.

அக்கா ஒரு கொத்தனாரை அனுப்பினார். அவர் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, வாட்டர்ப்ரூஃப் மருந்து கலந்த சிமெண்டால் பூசிவிட்டுப் போனார். செலவு 18,500 ரூபாய். அவசரத்துக்கு ஆசிரியரே கொடுத்தார், வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில். அக்காவோ, அது “சிறு பழுது” கணக்கில் வரும் என்று நினைத்தார்.

மூன்று மாதம் சுவர் நன்றாக இருந்தது. மார்ச்சில், மழையே இல்லாத நாட்களில், சிமெண்ட் முடிந்த இடத்துக்கு மேலே ஐந்தடி உயரத்தில் புதிதாக ஓதம், அதாவது சுவருக்குள் ஊறும் ஈரம், தெரிந்தது. ஆசிரியர் 18,500-ஐக் கழித்துக்கொண்டு வாடகை அனுப்பினார். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்ததும் வாஷிங் மெஷின் தண்ணீரை முற்றத்தில் விட்டதும்தான் காரணம் என்று அக்கா பதில் எழுதினார். ஆசிரியர் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்குத்தான், புதுச்சேரிக்குச் செல்லாது. இங்கே இருப்பது 1969-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இந்தக் குழப்பத்தை இந்த ஊரில் அடிக்கடி பார்க்கிறேன்.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 108, வாடகையில் கழிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் வீட்டுக்காரர் செய்தே ஆக வேண்டிய பழுதை, சொல்லியும் அவர் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால்தான் அந்த உரிமை. எது அவர் கடமை என்று ஒப்பந்தம் பேசவில்லை என்றால், அந்த உரிமையைக் கோரப் பிடிமானம் இல்லை. ஒரு வழக்கறிஞர் இதைச் சொன்ன பிறகுதான், முதலில் சுவரைப் பார்ப்போம் என்று இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

சுவரில் கண்டவை

ஓதம் ஏறியிருந்த உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினோம். வாரம் ஒரு முறை புதுக்கோடு. மழையில்லாத ஏப்ரலிலும் கோடு மெல்ல மேலே போனது. அப்படியென்றால் ஈரம் கூரையிலிருந்து வரவில்லை, தரையிலிருந்து ஏறுகிறது.

கடலோரத்தில் நிலத்தடி ஈரம் உப்போடுதான் வரும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல வெளியே விடும். உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்து உதிரும், துடைத்துவிடலாம். சிமெண்டும் புட்டியும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் நின்றுவிடாது, திறந்த இடம் தேடி மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் கட்டியாகி, செங்கல்லையே பொரித்துவிடும். நான்கடிச் சிமெண்டுக்கு மேலே ஐந்தடியில் ஓதம் வந்தது இதனால்தான். சுத்தியலால் தட்டியபோது சிமெண்ட் பூச்சு பாதி இடங்களில் டொக் டொக்கென்று பொள்ளலாக ஒலித்தது.

சரி, தரையில் இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது? முற்றத்தில் பழைய கல்தளத்தின் மேல் யாரோ பளபளப்பு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அதில் தண்ணீர் வெளியேறும் தூம்பை நோக்கிய வாட்டம் போய்விட்டது. வெளியே தெருவை ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில், சாக்கடையின் அடிமட்டம் வீட்டுத் தூம்பின் வாயைவிட உயர்ந்திருந்தது. தண்ணீர் வெளியே போகாமல் குழாயிலேயே நின்றது.

இதை இரண்டு பேரும் கண்ணால் பார்க்கட்டும் என்று, ஒரு குடம் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து முற்றத்துத் தூம்பில் ஊற்றினோம். மறுநாள் காலை படுக்கையறைச் சுவரின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டைப் பெயர்த்தோம். செங்கற்களுக்கு இடையில் இருந்த சுண்ணாம்புக் கோட்டில் இளநீலம் தெரிந்தது. அக்கா குனிந்து அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். “அப்ப பீரோ இல்ல” என்றார். வாஷிங் மெஷின் தண்ணீர் தினமும் அதே தூம்பில் விழுந்து நிலைமையை மோசமாக்கியதை ஆசிரியரும் ஒப்புக்கொண்டார்.

நிஜமான கவலை மேலே இருந்தது. அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்த ஓர் உத்திரத்தின் நுனியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். நல்ல தேக்கில் அது இறங்கவே கூடாது. இதில் இரண்டு விரற்கடை இறங்கியது. மொட்டை மாடியில் தளத்தின் மேல் பதித்த தட்டையான ஓடுகளின், அதாவது தட்டோட்டின், இணைப்புகள் திறந்திருந்தன. கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று வேர் விட்டிருந்தது. மேலிருந்து மழை, கீழிருந்து ஓதம், இரண்டும் அந்த நுனியில் சந்தித்தன. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த பிரெஞ்சுக் கால நகரசபை மாளிகையான மேரி கட்டடம் அப்படியே சரிந்து விழுந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. அந்த அறையில் இனி யாரும் படுக்கக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டேன்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

மே மாதம் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அண்ணன்கள் போனில் இருந்தார்கள். பெரிய அண்ணனின் யோசனை வேறு மாதிரி இருந்தது. கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடலாம், மேலே இரண்டு அறை எழுப்பி ஹோம்ஸ்டேக்கு விடலாம். அதில் வரும் பணம் இந்த வாடகையைவிடப் பல மடங்கு என்பது உண்மை. ஆனால் பொரிந்துபோன சுவர் கான்கிரீட் கூரையின் கனத்தைத் தாங்காது. தனியாகத் தூண் எழுப்ப வேண்டும், செலவு எங்கோ போய்விடும். பிரிக்காத சொத்தில் அவ்வளவு பெரிய வேலைக்கு மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சின்ன அண்ணன் மறுத்தார். “அப்பா கட்டின கூரைய எடுக்காதீங்க. ரிப்பேர் பண்ண முடியும்னா பண்ணுங்க” என்று சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது.

குடும்பம் காலி செய்வதா என்ற கேள்வியும் இருந்தது. பள்ளி நடக்கிற தூரம். அம்மாவுக்கு மாலையில் திண்ணையில் உட்கார அக்கம்பக்கத்து ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். முன்கட்டு அறைகளில் ஓதம் இல்லை, உத்திரம் உறுதி. எனவே முன்கட்டில் இருந்துகொள்வது, வேலை முடியும்வரை மாதம் 5,000 ரூபாய் வாடகைக் குறைப்பு என்று முடிவானது. உத்திரத்துக்கு அன்று மாலையே முட்டுக் கொடுத்தோம்.

செலவுப் பங்கீட்டில்தான் நேரம் பிடித்தது. கடைசியில் ஒரு எளிய கோடு கிழித்தோம். சுவர், கூரை, உத்திரம், தூம்பு, புதைந்த குழாய் எல்லாம் வீட்டுக்காரர். குழாய்த் திருகு, சுவிட்ச், தாழ்ப்பாள், வாஷிங் மெஷின் தண்ணீரைத் தனிக்குழாயில் கொண்டுபோவது எல்லாம் வாடகைதாரர். பழைய 18,500-ஐ ஆளுக்குப் பாதி. அந்தப் பூச்சு தப்பான வைத்தியம் என்றாலும், இருவருமே நல்ல எண்ணத்தில் செய்தது. மொத்த வேலைக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது.

அக்காவுக்குச் செலவு செய்யும் அதிகாரம் எழுத்தில் இல்லாதது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அண்ணன்கள் பிரான்சில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றுப் பவர் பத்திரம் அனுப்பினார்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். அதையும் முடித்தார்கள்.

வேலை நடந்த வரிசை

முதலில் தூம்பு. டைல்ஸை எடுத்துவிட்டு, பழைய கல்தளத்தை வாட்டத்தோடு திரும்பப் பதித்தோம். சாக்கடை உயர்ந்துவிட்டதால் முற்றத்து ஓரத்தில் ஒரு சிறு தொட்டி கட்டி, அங்கிருந்து மோட்டாரால் வெளியேற்றும் ஏற்பாடு. தூம்பைச் சரி செய்யாமல் சுவரைத் தொட்டிருந்தால் எல்லாப் பணமும் வீண்.

பிறகு சிமெண்ட், புட்டி, பெயிண்ட் எல்லாவற்றையும் சுரண்டி, அக்னி நட்சத்திர வெயிலில் சுவரைச் செங்கல் தெரியத் திறந்தே போட்டோம். ஜூலை முடியும்வரை யாரையும் பூச விடவில்லை. “இன்னும் எத்தன நாள் சார் சுவர் இப்படியே நிக்கும்?” என்று அக்கா வாராவாரம் கேட்டார். பென்சில் கோடு இறங்கி இரண்டடிக்குக் கீழே வந்த பிறகுதான் ஆகஸ்டில் பூச்சு.

சுண்ணாம்பை வாங்கி நீற்றி, டிரம்மில் தண்ணீரோடு ஊறவிட்டு, மணலோடு அரைத்து, ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பின் அடுத்தது என்று மூன்று கோட்டுப் பூசியவர் எழுபதை நெருங்கும் ஒரு மேஸ்திரி. மேலே சுண்ணாம்பு அடித்ததோடு சரி, பெயிண்ட் கிடையாது. கூரையில் தட்டோட்டை எடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துச் சித்தாள்கள் கட்டையால் அடித்தார்கள். உத்திரத்தின் கெட்ட நுனியை வெட்டி, பழைய மரக்கடையில் வாங்கிய தேக்கை இணைத்து போல்ட் போட்டோம். சுவர்ப் பொந்தில் மரத்தைச் சுற்றிக் காற்றுப் போக விரல் இடைவெளி விட்டோம்.

புயலும் அதற்குப் பிறகும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரு நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. முற்றத்தில் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டு இளைஞர்களோடு ஆசிரியர் வாளியால் இறைத்தார். புதுப்பிக்காத பகுதியில் கூரை ஓரிடத்தில் ஒழுகியது. உத்திரம் அசையவில்லை. சுவரில் ஒன்றரை அடிக்கு ஈரம் ஏறி, பொங்கலுக்குள் முக்கால்வாசி இறங்கியது.

ஜனவரியில் புதுப்பூச்சின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. அக்கா பயந்துபோய்ப் படம் அனுப்பினார், பழையபடியே ஆகிவிட்டது என்று. அந்தப் பூச்சு இருப்பதே சுவருக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுக்கத்தான் என்று விளக்கினேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்ட வேண்டும். அப்படியே செய்கிறார்கள். ஓர் இடத்தில், வாசற்காலை ஒட்டிக் கையகலப் பூச்சு விழுந்துவிட்டது. அங்கே பழைய சிமெண்ட் முழுதாகப் போகாமல் இருந்தது.

2025 கோடையில் அந்த அறைக்குத் திரும்பினார்கள். மகளுக்கு இழுப்பு வருவது குறைந்திருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். மருந்தும் தொடர்கிறது, அதனால் சுவரை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். வாடகை 18,500 ஆனது. புது ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு; ஒரு வருஷத்துக்கு மேற்பட்டது என்பதால் பதிவு அலுவலகத்தில் முறைப்படி பதிந்தார்கள். பெரிய அண்ணன் தன் ஹோம்ஸ்டே யோசனையை விடவில்லை. அது ஆசிரியருக்கும் தெரியும். அப்படி ஒரு நாள் வந்தால் ஆறு மாத முன்னறிவிப்பு, அதுவும் பள்ளி ஆண்டின் நடுவில் இல்லை என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வீட்டில் மாற்ற வேண்டியவை

பழைய வீட்டைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடியாவிட்டால், புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவர் எது, ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். முற்றத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எங்கே போகிறது என்று பாருங்கள். தெருவைவிட வாசற்படி எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள்.

வீட்டுக்காரர்கள் பக்கம், வாடகைக்கு விடும் முன் புட்டி வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவர் கறையோடு இருந்தாலும் பரவாயில்லை, அதன் நிலைமை கண்ணுக்குத் தெரியும். கூட்டுச் சொத்து என்றால் ரிப்பேருக்குச் செலவு செய்யும் அதிகாரம் யாருக்கு, எந்தத் தொகை வரை என்பதைக் குடிவைக்கும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். இங்கே அந்தப் பவர் முன்பே இருந்திருந்தால் உத்திரத்துக்கான மரத்தை ஆறு வாரம் முன்னால் வாங்கியிருக்கலாம்.

ஒப்பந்தத்தில் “சிறு பழுது” என்ற சொல்லை எடுத்துவிட்டு, பொருட்களின் பெயரையே எழுத வேண்டும். சுவரில் எந்தக் கலவையால் பூசலாம், கொத்தனாரை யார் தேர்ந்தெடுப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். அறை பயன்படாத மாதங்களுக்கு வாடகை எவ்வளவு குறையும் என்பதை முதலிலேயே பேசிவிடலாம். மொட்டை மாடித் தண்ணீர் வாயை ஐப்பசி பிறக்கும் முன் யார் சுத்தம் செய்வது என்பதையும் எழுத வேண்டும். இந்த வீட்டில் அது இப்போது ஆசிரியர் வேலை. ஏறுவதற்கான ஏணியை அக்கா வாங்கிக் கொடுத்திருக்கிறார்.